மேலாளர் திட்டினால் என்ன செய்வது? பீடோங் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்ட ஆபீஸில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஞாயிற்றுக்கிழமை காலையில், மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் சாலையோர ஒட்டுக்கடை ஒன்றில் உட்கார்ந்து, கேட்பவர்களுக்கு பாரம் நிரப்பிக் கொடுப்பது வழக்கம். சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி), இ.பி.எஃப் (சேமநிதி), பிள்ளைகளின் உதவித்தொகை, எது என்றாலும் சரி. பாரம் முடிந்து தே தாரிக்கும் ஆறிய பிறகுதான் நிஜமான கேள்வி வரும்: "அண்ணே, இன்னொண்ணு கேக்கலாமா? எங்க சூப்பர்வைசர் இருக்காரே..." அப்படி வந்த கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. இங்கே சொல்லியிருப்பது தீபகற்ப மலேசியாவுக்கு மட்டும். சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித் தொழிலாளர் சட்டங்கள் உண்டு.

வேலை என்றால் நாலு வார்த்தை கேட்கத்தானே வேண்டும்? சத்தம் போடுவதெல்லாம் தப்பா?

நாலு வார்த்தை கேட்கலாம். அந்த நாலும் வேலையைப் பற்றி இருக்க வேண்டும். "ஏன் பழுக்காத செம்பனைக் குலையை வெட்டினாய்? இன்னொரு தடவை வெட்டினால் கடிதம் வரும்" என்றால் அது கண்டிப்பு. கேட்க எரிச்சலாக இருக்கும், ஆனால் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. "உங்க அப்பன் குடிச்சே செத்தான், உனக்கு எங்கேடா மூளை இருக்கும்?" என்றால் அந்தப் பேச்சில் குலை எங்கே இருக்கிறது?

நான் மூன்று விஷயம் கேட்பேன். பேச்சு வேலையைப் பற்றியதா, ஆளைப் பற்றியதா? தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாரா, பெரட்டில், அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்தில், எல்லார் முன்னாலுமா? ஒரு நாள் கோபமா, தினசரி வாடிக்கையா? லாரி காத்து நிற்கிற அவசரத்தில் ஒருவர் வாய் தவறுவது வேறு. தினமும் காலை ஆறு மணிக்கு ஒரே ஆளைத் தேர்ந்தெடுத்து அறுப்பது வேறு.

வாயைத் திறக்காமலும் கொடுமை செய்யலாம். ஓவர்டைம் பட்டியலில் உங்கள் பெயர் மட்டும் விடுபடும். மேடும் பள்ளமுமான நிரை (மர வரிசை) உங்களுக்கே விழும். கழிப்பறைக்குப் போனால் கடிகாரத்தைக் காட்டுவார்கள். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் உங்கள் தவறை மட்டும் படம் பிடித்துப் போடுவார்கள். இதெல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும்.

சட்டத்தில் இதற்கு ஏதாவது பெயர் உண்டா?

'வேலையிடத்தில் திட்டுதல்' என்று தனியாக ஒரு சட்டம் மலேசியாவில் இல்லை. "கேஸ் போடலாமா அண்ணே?" என்று கேட்பவர்களுக்கு என்னால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாததற்கு அதுதான் காரணம். வாசல்கள் பல. எந்த வாசலில் தட்டுவது என்பது, அவர் என்ன பேசினார் என்பதைப் பொறுத்தது.

"உன்னை வெட்டிடுவேன்", "குடும்பத்தோட தூக்கிடுவேன்" என்று மிரட்டினால் அது தண்டனைச் சட்டத்தின் 506-ஆவது பிரிவு, போலீஸ் விவகாரம். கை நீட்டினால் 323. பெண்ணின் மானத்துக்குப் பங்கம் வருகிற மாதிரி பேசினால், சைகை காட்டினால் 509. இவை பழைய பிரிவுகள். 2025 ஜூலை 11 முதல் 507பி, 507சி என்று தொடங்கும் புதுப் பிரிவுகளும் நடப்பில் உள்ளன. 2024-இல் இணையத்தில் மிரட்டப்பட்டு ஒரு தமிழ்ப் பெண் உயிரிழந்த பிறகு வந்த திருத்தம் இது. ஒருவரை அலைக்கழிக்கவோ பயமுறுத்தவோ வேண்டும் என்ற எண்ணத்தோடு மிரட்டும், இழிவுபடுத்தும் சொற்களைப் பயன்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை. வேலையிடத்துக்கென்று எழுதிய சட்டம் இல்லை இது. ஆனால் 'வேலையிடம் நீங்கலாக' என்றும் அதில் எழுதவில்லை.

வேலையையும் சம்பளத்தையும் தொடுகிற விஷயம் என்றால் 1955 வேலைவாய்ப்புச் சட்டம். வேலையே போய்விட்டால் 1967 தொழில் உறவுச் சட்டம். இரண்டும் வேறு வேறு இலாகா, வேறு வேறு கட்டடம். மாறிப் போய் நின்று அரை நாள் சம்பளத்தை இழந்தவர்கள் நிறையப் பேர். அதனால் போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

முதலில் நான் என்ன செய்ய வேண்டும்?

ஒரு 555 புத்தகம் வாங்குங்கள்.

சிரிக்காதீர்கள். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, சட்டைப் பையில் அடங்குகிற அந்தச் சின்னப் புத்தகம்தான். கடைக்காரர் எப்படி எழுதுகிறார்? தேதி, சாமான், விலை. 'நிறையச் சாமான் வாங்கினான்' என்று எந்தக் கடைக்காரரும் எழுதுவதில்லை. நீங்களும் 'இன்றைக்கு அசிங்கமாகத் திட்டினார்' என்று எழுதக்கூடாது. இப்படி எழுத வேண்டும்:

"12-ஆம் தேதி, புதன், காலை 6.10. ஸ்டோர் முன்னால். சூப்பர்வைசர் சொன்னது: (அவர் சொன்ன அதே வார்த்தைகள்). பக்கத்தில் இருந்தவர்கள்: லாரி டிரைவர், இந்தோனேசியப் பையன் இருவர், பழம் பொறுக்கும் அக்கா. எதற்காக: நேற்று மகளுக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்டேன்."

அதே வார்த்தைகள் என்பதுதான் இதில் உயிர். பெண்கள் இங்கேதான் தயங்குவார்கள். 'கெட்ட வார்த்தை சொன்னார்' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். எந்தக் கெட்ட வார்த்தை என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். அம்மா, எழுதுவதால் அது உங்கள் வாயிலிருந்து வந்த வார்த்தை ஆகிவிடாது. அவர் மலாயில் சொன்னால் மலாயிலேயே, தமிழ் எழுத்தில் எழுதுங்கள். மொழிபெயர்க்க வேண்டாம். அதிகாரி படிக்கிறபோது அவருக்குத் தெரிய வேண்டியது உங்கள் வருத்தம் இல்லை, அந்த ஆளின் வாய்.

அன்றைக்கே எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியது எது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். நான் கிராணி, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அப்படிப்பட்ட எழுத்தை நிறையப் பார்த்தவன். அப்புறம், புத்தகத்தை வேலையிடத்து லாக்கரில் வைக்காதீர்கள்.

போனில் பதிவு செய்யலாமா? டிக்டாக்கில் போட்டால் பயந்துவிடுவார்களே?

உங்களிடம் நேராகப் பேசுவதைப் பதிவு செய்து, அதிகாரியிடம் போட்டுக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். மூலப் பதிவை அப்படியே வைத்திருங்கள். வெட்டி ஒட்டக்கூடாது. சில தொழிற்சாலைகளில் உள்ளே போன் கொண்டுபோகவே தடை. அங்கே பதிவு செய்தால் நீங்கள் கொடுக்க வேண்டிய புகாருக்கு முன்னால் அவர்கள் விளக்கம் கேட்டுக் கொடுக்கும் ஷோ காஸ் கடிதம் வந்துவிடும். அடுத்தவர் அறையில் போனை ஒளித்துவைக்கிற வேலையும் வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் திட்டினால் அவர் உங்களுக்கு உதவி செய்கிறார் என்றுதான் அர்த்தம். எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். கோபத்தில் குரூப்பை விட்டு வெளியேறுவதற்கு முன்னால் மொத்த உரையாடலையும் சேமித்துவிடுங்கள்.

டிக்டாக் வேண்டாம். பத்தாயிரம் பேர் பார்ப்பார்கள், ஐந்நூறு பேர் 'விடாதீங்க அக்கா' என்று எழுதுவார்கள். மான நஷ்ட வழக்குக் கடிதம் வரும்போது அந்த ஐந்நூறு பேரில் ஒருவரும் பக்கத்தில் இருக்க மாட்டார். 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு வேறு இருக்கிறது. 2025-இல் அதன் அபராத உச்சவரம்பை 5 லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) உயர்த்திவிட்டார்கள்.

கம்பெனிக்கு முதலில் எழுத வேண்டுமா?

ஆமாம். எச்.ஆர். இருந்தால் அவருக்கு, இல்லையென்றால் திட்டுகிறவருக்கு மேலே இருப்பவருக்கு. பலன் கிடைக்கும் என்று நம்பி எழுதச் சொல்லவில்லை. நாளைக்கு "எங்களுக்குத் தெரியவே தெரியாதே" என்று அவர்கள் சொல்லக்கூடாது, அதற்காக.

மலாயில் எழுதுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுகிற மலாய் போதும். எந்தத் தேதிகளில், யார், என்ன சொன்னார். இது நிற்க வேண்டும். விசாரித்து எனக்கு எழுத்தில் பதில் தாருங்கள். அவ்வளவுதான். உங்கள் இருபது வருட விசுவாசம், தாயார் ஆஸ்பத்திரியில் கிடந்த கதை எதுவும் அதில் வேண்டாம். ஒரு நகலில் 'கிடைத்தது' என்று கையெழுத்து வாங்குங்கள். தரவில்லை என்றால் கடிதத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுங்கள்.

லேபர் ஆபீஸ் போனால் என்ன நடக்கும்?

லேபர் ஆபீஸ் என்றால் தொழிலாளர் இலாகா. எங்களுக்கு அது சுங்கைப்பட்டாணியில்தான். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வேலைக் கடிதம், 555 புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். நேரில் போக முடியாதவர்களுக்கு 'வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ்' என்ற செயலி 2021 முதல் இருக்கிறது.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'திட்டினார்' என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு போனால் அதிகாரி கேட்டுக்கொள்வார், முதலாளியைக் கூப்பிட்டுப் பேசக்கூடும், அதற்கு மேல் கட்டளை போடுவது கடினம். ஆனால் என் அனுபவத்தில், திட்டுகிற இடத்தில் கணக்கும் நேராக இருப்பதில்லை. சம்பளச் சீட்டை மேசையில் விரித்தால் ஏதாவது ஒன்று இடிக்கும். 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான். அதைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கைக்கு வர வேண்டும். இதில் எது இடித்தாலும் இலாகா அதை வழக்காகவே விசாரித்து உத்தரவு போட முடியும். வாய்க்குப் பூட்டுப் போட முடியாத முதலாளி, பாக்கிப் பணத்துக்கு உத்தரவு வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

"உடைந்த சாமானுக்குச் சம்பளத்தில் பிடிப்பேன்" என்று தினமும் மிரட்டுகிறார்.

சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24-ஆவது பிரிவில் பட்டியலே இருக்கிறது. இ.பி.எஃப், சொக்சோ, முன்பணம், தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்த சம்பளம், இந்த மாதிரி. உடைந்த தட்டும் குறைந்த கல்லாப் பணமும் அந்தப் பட்டியலில் இல்லை. பிடித்திருந்தால் சம்பளச் சீட்டோடு இலாகாவுக்குப் போங்கள்.

"நீயே கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ" என்கிறார். எழுதலாமா?

எழுதாதீர்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

போன வருடம் ஒரு பெண் வந்தாள். சுங்கைப்பட்டாணியில் ஒரு பேரங்காடியில் காசாளர் வேலை. சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, மேசையில் வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்தார்களாம். "சொந்தக் காரணம்னு எழுது. எழுதினா நல்ல சர்டிபிகேட் கிடைக்கும். இல்லைன்னா திருட்டுக் கேஸ்." வெளியில் பேக்டரி பஸ்ஸில் அம்மா காத்துக்கொண்டிருக்கிறாள், பஸ் ஆறு மணிக்குப் போய்விடும். எழுதிக் கொடுத்துவிட்டாள். அழுது அழுது பேனா மை கலங்கிய அந்தத் தாளின் படம் அவள் போனில் இருந்தது. 'சொந்தக் காரணங்களினால்' என்ற வரி மட்டும் கலங்காமல் தெளிவாக இருந்தது.

பிள்ளை ஒன்றே ஒன்று சரியாகச் செய்திருந்தாள். அன்று இரவே மேலாளருக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: "நீங்க எழுதச் சொன்னதாலதான் எழுதினேன் சார். நான் திருடல." அவர் பதில் போடவில்லை. ஆனால் இரண்டு நீலக் கோடு விழுந்திருந்தது.

மிரட்டி வாங்கிய ராஜினாமாவை வேலை நீக்கமாகவே தொழிலியல் நீதிமன்றம் கருதும், அதை நீங்கள் நிரூபித்தால். நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. உங்கள் கையெழுத்திலேயே 'சொந்தக் காரணம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால் சுமை இரட்டிப்பு. அந்தப் பெண்ணுக்கு அந்த ஒரு செய்திதான் தூணாக நின்றது. சமரசப் பேச்சிலேயே சில மாதச் சம்பளம் கொடுத்து முடித்துக்கொண்டார்கள்.

தாளை நீட்டினால் என்ன சொல்வது? "வீட்டுல கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன் சார்." இந்த ஒரு வரியைப் பாடம் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மீது தப்பு இருக்கிறது என்று அவர்கள் நினைத்தால் ஷோ காஸ் கொடுத்து முறையாக விசாரிக்கட்டும். வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. விசாரணைக்காக இரண்டு வாரம் வரை நிறுத்தி வைக்கலாம், ஆனால் அரைச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும்.

தாங்க முடியவில்லை. நானே நின்றுவிட்டால் என் பக்கம் ஏதாவது நிற்குமா?

நிற்கலாம். முதலாளி ஒப்பந்தத்தையே முறிக்கிற அளவுக்கு நடந்துகொண்டதால் தொழிலாளி வெளியேறினால், அது வேலை நீக்கத்துக்குச் சமம். 1988-இல் உச்ச நீதிமன்றம் கேத்தே நிறுவனம் தொடர்பான வழக்கில் சொன்ன அளவுகோல் இன்றைக்கும் அடிப்படை. அவர் செய்தது கடுமையான மீறலாக இருக்க வேண்டும். அதனால்தான் நீங்கள் போனீர்கள் என்று இருக்க வேண்டும், வேறு வேலை கிடைத்துப் போனதாக இருக்கக்கூடாது. ரொம்ப நாள் பொறுத்துக்கொண்டு கிடந்துவிட்டும் போகக்கூடாது. போகிறபோது 'சொந்தக் காரணம்' என்று எழுதாமல், 'உங்கள் இன்ன நடத்தையால் நான் வேலை நீக்கம் செய்யப்பட்டதாகக் கருதுகிறேன்' என்று எழுத வேண்டும். இந்தக் கடிதத்தை என் மாதிரி ஒட்டுக்கடை ஆளிடம் எழுதாதீர்கள். சங்கத்திடமோ வக்கீலிடமோ காட்டி எழுதுங்கள். தோற்பவர்கள் நிறைய.

வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுத்தாக வேண்டும். 60 என்றால் 60. தீபாவளி வந்தது, மாமனார் இறந்தார், எதுவும் எடுபடாது. அங்கே முதலில் சமரசம் பேசுவார்கள். ஒத்துவராவிட்டால் விவகாரம் தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும். வடக்கே நமக்கு அது பினாங்கில். ஜெயித்தால் திரும்ப வேலை, அல்லது அதற்குப் பதிலாக இழப்பீடு. விட்டுப்போன சம்பளம் அதிகபட்சம் 24 மாதத்துக்கு.

இன்னொரு 60 நாளும் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. பெர்கேசோ (சொக்சோவின் மலாய்ப் பெயர்) நடத்தும் வேலைக் காப்புறுதி, அதாவது எஸ்.ஐ.பி., சாதாரணமாக ராஜினாமா செய்தவர்களுக்குக் கிடைக்காது. ஆனால் பாலியல் தொல்லையாலோ வேலையிடத்து மிரட்டலாலோ விலகியவர்கள் 60 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, பிறகு படிப்படியாகக் குறையும். இங்கேயும் கடிதத்தில் எழுதிய காரணம்தான் பேசும்.

ஆபாசமாகப் பேசுகிறார். "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்கிறார்.

விளையாட்டா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர் இல்லை. பாலியல் தொல்லைப் புகார் வந்தால் முதலாளி விசாரித்தே ஆக வேண்டும். தட்டிக் கழித்தால் 50,000 வெள்ளி வரை அபராதம். முதலாளியே ஒற்றை ஆளாக நடத்துகிற கடை, திட்டுகிறவரும் அவரே என்றால் இலாகாவே விசாரிக்கும். 2024 மார்ச் 8-ஆம் தேதி தொடங்கிய பாலியல் தொல்லை எதிர்ப்புத் தீர்ப்பாயம் தனி. அங்கே வக்கீல் இல்லாமலே போகலாம். இழப்பீடு 250,000 வெள்ளி வரை உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. உங்கள் வேலையிடத்துச் சுவரில் இதைப் பற்றிய அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும் என்பதும் சட்டம். அடுத்த தடவை சுவரைப் பாருங்கள்.

இனத்தைச் சொல்லித் திட்டுகிறார்.

இந்தியர்களை இழிவாகக் குறிக்கும், அந்த 'க'வில் தொடங்கும் சொல்லைத்தானே சொல்கிறீர்கள்? அதை அப்படியே புத்தகத்தில் எழுதுங்கள். 2023 முதல், வேலையில் பாகுபாடு தொடர்பான தகராறுகளை விசாரித்து உத்தரவிடத் தொழிலாளர் இலாகாவுக்கு 69எஃப் பிரிவில் அதிகாரம் வந்திருக்கிறது. வசவு ஒன்றை மட்டும் சொல்வதைவிட, வசவோடு சேர்ந்து ஓவர்டைம், லீவு, பதவி உயர்வு எதிலாவது உங்கள் இனத்தவரை மட்டும் ஒதுக்கினார்களா என்பதையும் சேர்த்துச் சொன்னால் புகார் நிற்கும்.

திட்டுகிறவர் நம்ம ஆளேதான். கோயில் கமிட்டியிலும் இருக்கிறார். எப்படிப் புகார் கொடுப்பது?

இதுதான் எனக்கு மிக அதிகமாக வருகிற கேள்வி. பெரிய தொழிற்சாலைக்காரன் திட்டினால் ஆள் நேராக இலாகாவுக்குப் போகிறான். டவுனில் மளிகைக் கடை, நகைக் கடை, உணவகம் வைத்திருக்கிற நம்மவர் திட்டினால் குடும்பமே கூடி யோசிக்கிறது. மகளின் கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்துக் கொடுத்தவர், அப்பா செத்தபோது வேன் அனுப்பியவர், திருவிழாவில் முதல் மரியாதை வாங்குபவர். "மாமா கோபக்காரர், மனசு தங்கம்" என்று அம்மாவே சொல்வாள்.

மனசு தங்கமாகவே இருக்கட்டும். வேன் அனுப்பியது ஒரு கணக்கு, பதினாலு மணி நேரம் நிற்கவைத்து 'நன்றி கெட்ட நாயே' என்பது வேறு கணக்கு. ஒன்றில் வரவு வைத்து இன்னொன்றில் கழிக்க முடியாது.

இப்படிப்பட்ட இடத்தில் உடனே இலாகாவுக்கு ஓடச் சொல்ல மாட்டேன். அவர் மதிக்கிற ஒருவர் ஊரில் இருப்பார். அவரை அழைத்துக்கொண்டு, கடை நேரத்தில் இல்லாமல் தனியாகப் போய்ப் பேசுங்கள். "மாமா, வேலையில தப்புன்னா சொல்லுங்க. கஸ்டமர் முன்னால அம்மாவ இழுக்காதீங்க." பாதிப் பேர் இதிலேயே அடங்கிவிடுகிறார்கள், வெட்கத்தில். அடங்காதவருக்குச் சட்டம் ஒன்றுதான். அதில் மாமா, மச்சான் என்ற பிரிவு இல்லை. பேசப் போன தேதியையும் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.

தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். வாயைத் திறந்தால் வீடு போய்விடுமே?

நியாயமான பயம். தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீடும் போகும், பிள்ளையின் பள்ளிக்கூடமும் மாறும், அதனால்தான் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். ஒரே நாளில் ராஜினாமா, வீட்டைக் காலி செய்யும் ஒப்புதல் இரண்டிலும் கையெழுத்துப் போடாதீர்கள். சமரசப் பேச்சு நடந்தால் பணத்தை மட்டும் கேட்காமல், பள்ளி ஆண்டு முடியும்வரை வீட்டில் இருக்க அவகாசத்தையும் ஒரு நிபந்தனையாகக் கேளுங்கள். கேட்டுக் கிடைத்திருக்கிறது. 1954-இல் உருவான தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அவர்களை முதல் நாளே கூப்பிடுங்கள். சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு எடுப்பேன் என்று மிரட்டுவதும் சட்டப்படி தவறு.

கூட வேலை செய்யும் வங்காளதேசி, இந்தோனேசியத் தொழிலாளியைத்தான் அதிகம் திட்டுகிறார்கள். அவர்களுக்கு இது பொருந்துமா?

பொருந்தும். வேலைவாய்ப்புச் சட்டம் குடியுரிமை பார்ப்பதில்லை. அவர்களுடைய பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொள்வது 1966 கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். மிரட்டி வேலை வாங்கி, இடத்தை விட்டு நகரவும் விடாமல் வைத்தால் கட்டாய உழைப்பு. அதற்கு ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. நேற்று நம் தாத்தாவுக்கு நடந்தது இன்றைக்கு அந்தப் பையனுக்கு நடக்கிறது. அதுவும் சில இடங்களில் நம்மவர் வாயாலேயே. அவன் கேட்டால் சாட்சி சொல்லுங்கள்.

அந்தக் காலத்தில் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதானே இருந்தார்கள்?

யார் சொன்னது? 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய கோரிக்கைகளில் சம்பள உயர்வு இருந்தது, வைத்திய வசதி இருந்தது, கள்ளுக்கடையை மூடச் சொன்னது இருந்தது. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையும் கிராணியும் எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப் போக அனுமதி. பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும், கொடுமைக்காரக் கிராணிகளை மாற்ற வேண்டும் என்றும் கேட்டார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதனைக் கைது செய்து பிறகு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். கூலிக்காக மட்டும் நடந்த போராட்டம் இல்லை அது. நான் கிராணியாக இருந்தவன் என்பதால் அந்தச் சைக்கிள் கோரிக்கையைப் படிக்கிறபோதெல்லாம் கொஞ்சம் உறுத்தும்.

தூக்கமே வரவில்லை. காலையில் பஸ் சத்தம் கேட்டாலே வயிறு கலங்குகிறது.

முதலில் கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு, போங்கள். 'உடம்பு சரியில்லை' என்று பொதுவாகச் சொல்லாமல், வேலையிடத்தில் நடப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் எழுதிக்கொள்வார், அதுவும் நாளைக்கு ஓர் ஆவணம். ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் போல் இருந்தால் 15555 மனநல உதவி எண், அல்லது 15999 தாலியான் காசே. சாவதைப் பற்றி யோசனை வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள், ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

நான்தான் மண்டோர் (கங்காணி). எனக்கும் மேலிடத்து நெருக்கடி. திட்டாமல் எப்படி வேலை வாங்குவது?

இந்தக் கேள்வியை இதுவரை இரண்டே பேர் கேட்டிருக்கிறார்கள். கேட்டதற்கே அவர்களுக்கு ஒரு தே வாங்கிக் கொடுத்தேன்.

நானும் திட்டியவன்தான். சின்னக் கிராணியாக இருந்த காலத்தில் ஒரு நாள் பெரட்டில், பேர் கூப்பிட்டபோது பதில் சொல்லாத ஒரு பாட்டியை வாய்க்கு வந்தபடி பேசினேன். பெரிய கிராணி அன்று காலை என்னைப் பேசியிருந்தார், அதை அப்படியே கீழே இறக்கினேன். பாட்டி எதிர்த்துப் பேசவில்லை. பக்கத்தில் நின்ற சின்னப் பையனின் காதைத் தன் கையால் பொத்திக்கொண்டு, "பேரன் நிக்கிறான் சாமி" என்றார். அவருக்குக் காது மந்தம் என்று அப்புறம்தான் தெரிந்தது. மறுநாள் முதல் அவர் பேரை வாசிக்காமல், ஆளைப் பார்த்ததும் நானே புள்ளி வைத்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

உங்களுக்கு மூன்று யோசனை. பெரட்டில் வேலை பிரிப்பது மட்டும் நடக்கட்டும், தப்பைச் சொல்வதை ஸ்டோருக்குப் பின்னால் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சொல்கிறபோது குலை, நிரை, நேரம், இந்த மூன்றைத் தவிர வேறு பேச்சு வேண்டாம். மேலிடம் உங்களைத் திட்டுகிறது என்றால் நீங்களும் தொழிலாளிதான். மேலே சொன்னதெல்லாம் உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். 555 புத்தகம் பஸ் நிலையத்துக்கு எதிர்க் கடையிலேயே கிடைக்கும்.